மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு: வன்னி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை இராணுவத்துக்குத் தளபதியாக முதன்முதலில் அமர்த்தப்பட்ட இலங்கையர் ஒரு தமிழர் என்று சொன்னால், வன்னியில் பிறந்து வளர்ந்த இளையவர்களில் பலர் நம்ப மறுக்கிறார்கள். நம்புகிறவர்களும் அடுத்த கணமே கேள்விகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாருவைப் பற்றி எழுப்பும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். போர் முடிந்த இந்த மண்ணில் ஓர் இராணுவ அதிகாரியின் வாழ்க்கையைப் பற்றி நிதானமாகப் பேசுவது எளிதன்று என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

இவர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1908 யூலை 6 ஆம் திகதி பிறந்த அன்ரன் முத்துக்குமாரு, கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். பாரிஸ்டராகத் தேறி நாடு திரும்பி, 1934 இல் இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முழுநேரச் சேவையில் இருந்தார். 1949 இல் இலங்கைக்கென நிரந்தர இராணுவம் அமைக்கப்பட்டபோது அதன் முதற் காலாட்படைப் பட்டாலியனுக்குக் கட்டளை அதிகாரியானார். 1955 பெப்ரவரி முதல் 1959 இறுதி வரை இராணுவத் தளபதியாகப் பதவி வகித்தார். ஓய்வு பெற்றபின் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். இலங்கையின் படை வரலாறு பற்றிய நூலொன்றை 1987 இல் வெளியிட்டார். 2001 இல் காலமானார்.

அவர் வன்னியைச் சேர்ந்தவரா?

இல்லை. கொழும்பில் படித்து வளர்ந்த, ஆங்கிலக் கல்வி பெற்ற கத்தோலிக்கத் தமிழர். வன்னியின் வயலோ காடோ அவருடைய வாழ்வில் பெரிய இடம் பெற்றதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் அவர் தலைமை தாங்கிய நிறுவனம் பிற்காலத்தில் வன்னியில் ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்வையும் தொட்டது. அந்த நிறுவனம் தொடக்கத்தில் எப்படி இருந்தது, எப்போது எந்தத் திசையில் மாறியது என்பதை அறிய அவருடைய சேவைக்காலத்தை ஆண்டு வாரியாகப் பார்ப்பதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டம் படித்தவர் எப்படி இராணுவ அதிகாரியானார்?

இன்றைய கண்ணோடு பார்த்தால் இது வியப்பாகத் தெரியும். பாடசாலையை விட்டதும் தியத்தலாவைக்குச் சென்று பயிற்சி பெற்று, பின் ஓய்வு பெறும்வரை சீருடையிலேயே வாழ்வதுதான் இராணுவ வாழ்க்கை என்று நாம் நினைக்கிறோம். 1934 இல் இலங்கையில் அப்படி ஒரு வாழ்க்கைப் பாதையே இருக்கவில்லை. அப்போது இருந்தது 1910 இல் அந்தப் பெயரைப் பெற்ற இலங்கைப் பாதுகாப்புப் படை. அது பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டது. அதன் பகுதியான இலகு காலாட்படை 1881 இலேயே தொண்டர் படையாகத் தொடங்கியது. பகலில் வழக்கறிஞராகவும் தோட்டத்துரையாகவும் அலுவலகக் கணக்காளராகவும் வேலை பார்த்தவர்கள், ஓய்வு வேளைகளிலும் ஆண்டுக்கொரு பயிற்சி முகாமிலும் படைப்பயிற்சி பெற்றார்கள். அதிகாரி நிலைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வசதியும் ஆங்கிலக் கல்வியும் உள்ள குடும்பத்தவர்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர், ஆங்கிலேயர் ஆகியோர் ஒரே உணவுக்கூடத்தில் அமர்ந்தார்கள். அவர்களை இணைத்தவை ஆங்கிலமும் கல்லூரிப் பழக்கமும்தான்.

முத்துக்குமாருவின் பெயருக்குப் பின்னால் எழுதப்படும் பட்டங்களுள் ஒன்று, பகுதிநேர அதிகாரிகளின் நீண்டகாலச் சேவைக்கு வழங்கப்படும் ஈ.டி. விருது. நிரந்தரப் படை அதிகாரிகளுக்கு அது கிடைப்பதில்லை. ஒரு நாட்டின் இராணுவத் தளபதி தொண்டர் படையிலிருந்து மேலெழுந்தவர் என்பதை அந்த இரண்டு எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. ஓ.பி.ஈ. என்ற பிரித்தானிய அரச விருதும் அவர் பெற்றிருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவர் எங்கே இருந்தார்?

இலங்கைக்குள்ளேதான். தொண்டர் படைகள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டு, துறைமுகங்கள், விமானத்தளங்கள், தலைமையகங்கள் முதலியவற்றுக்குக் காவல் நின்றன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் டெல்லியிலிருந்து பேராதனைக்கு இடம் மாறியது. அதற்குக் காவல் நின்ற படைக்குக் கட்டளை அதிகாரியாக இருந்தவர் முத்துக்குமாரு.

அதே காலத்தில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் விமானத்தளம் ஒன்று இயங்கியது. ஜப்பானியர் 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பையும் 9 ஆம் திகதி திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கியபின், காட்டை வெட்டிப் பல இடங்களில் ஓடுபாதைகள் போடப்பட்டன. வவுனியாவிலிருந்து போஃபைட்டர் ரக விமானங்கள் பறந்தன. இன்று வவுனியா நகரத்தை அண்டி விமானப்படை முகாமாக இருப்பது அந்தத் தளத்தின் தொடர்ச்சியே. வன்னி நிலம் நவீன இராணுவத்தின் வரைபடத்துக்குள் வந்தது 1980களில் அல்ல என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இலங்கைப் படையினர் ஏன் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை?

இதற்கு முக்கியமான ஒரு காரணம் கொக்கோஸ் தீவில் 1942 மே 8 ஆம் திகதி இரவு நடந்த கலகம். அங்கே காவலுக்கு அனுப்பப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கலகம் சில மணி நேரத்தில் அடக்கப்பட்டது. கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் இலங்கைப் போர்ப்பிரிவுகளை முன்னணிக்கு அனுப்ப பிரித்தானியர் முன்வரவில்லை. முத்துக்குமாருவின் தலைமுறை அதிகாரிகள் உலகப் போரைக் கடந்தும் போர்க்களம் காணாதவர்களாக இருந்ததற்கு இதுவே பின்னணி.

அப்படியென்றால் அவர் எந்தப் போரிலும் படை நடத்தியதில்லையா?

இல்லை. எதிரிப் படையோடு மோதிய களம் ஒன்றும் அவருடைய சேவைப் பதிவில் இல்லை.

1946 ஆம் ஆண்டு இலண்டன் அணிவகுப்பில் அவர் கலந்துகொண்டாரா?

ஆம். போர் வெற்றியைக் கொண்டாட 1946 யூன் 8 ஆம் திகதி இலண்டனில் நடந்த பெரும் அணிவகுப்பில் இலங்கைப் பிரிவை அவரே வழிநடத்திச் சென்றார்.

நாடு சுதந்திரம் அடைந்தபின் முதலில் ஆங்கிலேயர்களே தளபதிகளாக இருந்தது ஏன்?

1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தபோது இலங்கையிடம் நிரந்தர இராணுவம் இல்லை. 1947 இல் பிரித்தானியாவுடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையையே அரசாங்கம் நம்பியிருந்தது. 1949 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்கீழ், அவ்வாண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி இலங்கை இராணுவம் பிறந்தது. முதல் தளபதி கெய்த்னஸ் பிரபுவாகிய பிரிகேடியர் சின்கிளயர். அவருக்குப் பின் 1952 இல் வந்தவர் பிரிகேடியர் சேர் பிரான்சிஸ் ரீட். இருவருமே பிரித்தானிய அதிகாரிகள். உள்ளூரில் தொண்டர் படை அனுபவம் மட்டுமே இருந்ததால், நிரந்தர இராணுவத்தின் நிர்வாகத்தையும் பயிற்சியையும் கட்டியெழுப்ப அனுபவமுள்ள அந்நியர் தேவைப்பட்டனர் என்பது அன்றைய விளக்கம். அதில் நியாயம் இருந்தது. இராணுவம் தொடங்கிய நாட்களிலேயே பத்து இளைஞர்கள் அதிகாரிப் பயிற்சிக்காக இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பயின்று வந்து உயர்நிலையை அடையும்வரை இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் முத்துக்குமாருவைப் போன்ற பழைய தொண்டர் அதிகாரிகளே.

பிரிகேடியர், மேஜர் ஜெனரல் என்ற பதவிகளுக்கிடையில் என்ன வேறுபாடு? ஒரு பிரிகேடியர் முழு இராணுவத்துக்கும் தலைமை தாங்க முடியுமா?

பதவி வரிசையைக் கீழிருந்து மேலே சொன்னால் இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல், கேணல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல் என்று செல்லும். அதற்கும் மேலே பீல்ட் மார்ஷல் என்ற கௌரவம் உண்டு. இலங்கையில் அது 2015 இல் சரத் பொன்சேகாவுக்கு வழங்கப்பட்டது.

பழைய புகைப்படங்களைப் பார்க்கும் மாணவர்கள் தோள்பட்டையைக் கவனித்தால் பதவியை அறிந்துகொள்ளலாம். கப்டனுக்கு மூன்று நட்சத்திரங்கள். மேஜருக்கு ஒரு முடி மட்டும். லெப்டினன்ட் கேணலுக்கு முடியும் ஒரு நட்சத்திரமும். பிரிகேடியருக்கு முடியின் கீழே முக்கோணமாக மூன்று நட்சத்திரங்கள். மேஜர் ஜெனரலுக்குக் குறுக்காக வைத்த வாளும் தண்டமும், அவற்றுக்கு மேலே ஒரு நட்சத்திரமும். 1950களின் படங்களில் தெரிவது பிரித்தானிய அரசியின் முடி. நாடு 1972 இல் குடியரசானபின் அந்த இடத்தை அரச இலச்சினை பிடித்தது. முத்துக்குமாரு சுதந்திர நாட்டின் தளபதியாக இருந்தபோதும் அவருடைய தோளில் இருந்தது அரசியின் முடிதான். அவர் எலிசபெத் அரசியின் ஏ.டி.சி., அதாவது துணையதிகாரி, என்ற கௌரவத்தையும் பெற்றிருந்தார்.

இராணுவம் சில ஆயிரம் பேர் மட்டுமே கொண்டதாக இருந்த காலத்தில், பிரிகேடியர் ஒருவரே அதன் தலைவராக இருப்பது இயல்பு. முத்துக்குமாருவும் பிரிகேடியராகவே பொறுப்பேற்று, பதவியில் இருக்கும்போது மேஜர் ஜெனரலானார். இன்று வன்னியில் மட்டுமே பல மேஜர் ஜெனரல்களும் பிரிகேடியர்களும் பொறுப்பு வகித்துவிட்டார்கள். ஒரு பதவிப் பெயரை வைத்து இரு காலங்களின் அதிகாரிகளை ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

அவர் தளபதியாக இருந்த காலத்தில் முக்கியமாக என்ன நடந்தது?

அவருடைய சேவையில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். ஐந்து ஆண்டுக்கும் குறைவான காலத்தில் சேர் ஜோன் கொத்தலாவல, எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்க, டபிள்யு. தகநாயக்க என மூன்று பிரதமர்களின்கீழ் அவர் பணியாற்றினார். 1955 ஒக்டோபர் 10 ஆம் திகதி முதலாவது வேவுப் படையணி உருவாக்கப்பட்டது. இன்றைய கவச வாகனப் படையணியின் மூலம் அதுவே. 1956 ஒக்டோபர் 1 ஆம் திகதி சிங்கப் படையணி உருவானது. 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும், நவம்பர் 1 ஆம் திகதி கட்டுநாயக்க விமானத்தளத்தையும் பிரித்தானியர் இலங்கையிடம் கையளித்தனர். அன்றுவரை வெளியாருடைய பாதுகாப்பை நம்பியிருந்த நாடு தன் காலில் நிற்கவேண்டிய நிலை வந்தது. அந்த மாற்றத்தின்போது இராணுவத்தின் தலைமையில் இருந்தவர் ஒரு தமிழர்.

1957 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் வறண்ட வலயத்தின் பல குளங்களை உடைத்துக்கொண்டு போனது. மீட்பு வேலையில் இலங்கைப் படைகள் ஈடுபட்டதோடு, அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஹெலிகொப்டர்களோடு வந்து உதவியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. அதற்கடுத்த ஆண்டு செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுட்டுக்கொல்லப்பட்டார். முத்துக்குமாரு ஓய்வுபெற்றபோது, அவர் பொறுப்பேற்ற நாட்டுக்கும் விட்டுச்சென்ற நாட்டுக்கும் இடையில் பெரிய தூரம் ஏற்பட்டிருந்தது.

அந்தக் காலத்தில் வன்னி மக்கள் இராணுவத்தைக் கண்டதுண்டா?

உள்ளூர்க் கிராமங்களில் அரிது. முதலில் அன்றைய வரைபடத்தை மனத்தில் வைக்க வேண்டும். 1955 இல் முல்லைத்தீவு மாவட்டமும் கிளிநொச்சி மாவட்டமும் இல்லை. முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலுமே தனி மாவட்டங்களாயின. அதற்குமுன் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. மக்களுக்குத் தெரிந்த அரசாங்கம் கச்சேரி எனப்படும் மாவட்ட நிர்வாக அலுவலகமும் பொலிஸ் நிலையமும் நீர்ப்பாசன அலுவலகமும்தான்.

கரையோரம் சற்று வேறு. தென்னிந்தியாவிலிருந்து படகில் வருவோரைத் தடுக்க 1952 இல் ஒபரேஷன் மொண்டி என்ற நடவடிக்கை தொடங்கியது. கடற்படைக்குத் துணையாக இராணுவத்தினர் வடமேற்குக் கரையில் காவல் நின்றனர். அது 1963 இல் விரிவாக்கப்பட்டு, சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புப் படை என்ற பெயரில் 1981 வரை தொடர்ந்தது. இந்தக் காவல் முத்துக்குமாருவுக்கு முன்பே தொடங்கி, அவருடைய காலம் முழுவதும் நீடித்தது. வடக்கை வெளியாள் நுழையும் வாசலாகப் பார்க்கும் பார்வை இராணுவத்துக்குள் குடியேறியது இந்தக் கடற்கரைக் காவல் நாட்களில்தான் என்பது என் கருத்து. ஒரு தமிழ்த் தளபதி இருந்ததால் அந்தப் பார்வை மாறிவிடவில்லை.

1958 கலவரத்தின்போது தமிழ்த் தளபதி தமிழர்களைக் காப்பாற்றினாரா?

மிகுந்த உணர்ச்சியோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் இரண்டும் பிழையாகும்.

1958 மே 22 ஆம் திகதியை ஒட்டித் தொடங்கிய வன்முறை பொலநறுவை, கொழும்பு எனப் பரவியது. அரசாங்கம் நாட்கணக்கில் தயங்கியபின் மே 27 ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதிகாரம் உண்மையில் அரசியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் கைக்கு வந்தது. படைகள் தெருவில் இறக்கப்பட்டன. பல இடங்களில் கலகக்காரரைச் சுட்டுக் கலைத்தன. கொழும்பு முகாம்களில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். இராணுவம் கட்டளைப்படி இயங்கி வன்முறையைத் தணித்தது என்பதை அக்காலத்தை எழுதியவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். கட்டளை பிந்தியதற்குப் பொறுப்பு அரசியல் தலைமையுடையது. பாராளுமன்ற ஆட்சியில் இராணுவத் தளபதி தானாகப் படையைத் தெருவில் இறக்க முடியாது. அப்படி இறக்கினால் அது ஆட்சிக் கவிழ்ப்பாகும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே அவசரகாலச் சட்டத்தின்கீழ்த் தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டது. அதன் பாராளுமன்ற உறுப்பினர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். வடக்கிலும் படையினர் நிறுத்தப்பட்டனர். ஒரு தமிழர் தலைமை தாங்கிய இராணுவம், அடிபட்ட தமிழரின் பிரதிநிதிகளை அடைத்துவைத்த அரசின் கருவியாகவும் இருந்தது. முத்துக்குமாரு பதவியைத் துறந்திருக்க வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அவர் விலகியிருந்தால் அந்த நாட்களில் தெருவில் நின்ற படையினருக்குக் கட்டுப்பாடு கூடியிருக்குமா, குறைந்திருக்குமா என்பதையும் சேர்த்தே அவர்கள் சிந்திக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

சிங்களம் மட்டும் சட்டம் அவருடைய பதவியைப் பாதித்ததா?

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அந்தச் சட்டம் 1956 யூனில் நிறைவேறியபோது அவர் ஏற்கெனவே தளபதி. இராணுவத்தின் கட்டளை மொழியும் அலுவல் மொழியும் அப்போது ஆங்கிலமே. ஆகவே அவருடைய கதிரை அசையவில்லை. பாதிப்பு அவருக்குக் கீழே, புதிதாகச் சேர வேண்டியவர்களிடம் தொடங்கியது. அரச சேவையில் முன்னேறச் சிங்களம் தேவை என்றானபின், வடக்கிலும் வன்னியிலும் தமிழில் படித்த ஓர் இளைஞனுக்கு இராணுவம் தன்னுடைய இடமாகத் தோன்ற வாய்ப்பே இருக்கவில்லை.

1962 இராணுவச் சதியில் அவருக்குப் பங்கு உண்டா?

இல்லை. அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டமிடப்பட்டு 1962 சனவரி 27 ஆம் திகதி அம்பலமான அந்தச் சதிமுயற்சி நடந்தபோது அவர் ஓய்வுபெற்று இராஜதந்திர சேவைக்குச் சென்றுவிட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் இராணுவம், கடற்படை, பொலிஸ் மூன்றின் உயரதிகாரிகளும் இருந்தனர். கேணல் எப்.சி. டி சேரம் அவர்களுள் முதன்மையானவர். பதினொரு பேர் 1965 இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே, நடந்து முடிந்த செயலுக்கும் பொருந்தும்படி பின்னர் சட்டம் இயற்றப்பட்டது செல்லாது என்று, அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்து, அவர்களை விடுவித்தது. சதியில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். முத்துக்குமாரு வளர்ந்த அதே ஆங்கிலக் கல்விச் சமூகத்தவர்கள்.

அவருக்குப் பின் இன்றுவரை ஒரு தமிழர்கூட இராணுவத் தளபதியாகாதது ஏன்?

மற்ற எல்லாக் கேள்விகளும் வந்து சேருமிடம் இது. தகுதியுள்ள தமிழர் இல்லை என்பது பதிலாகாது. முத்துக்குமாரு ஓய்வுபெற்றபின்னும் கடற்படைக்கு 1960 முதல் 1970 வரை தலைமை தாங்கியவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழரே. ஒரே நாட்டின் ஒரு படையில் வாசல் மூடிக்கொண்டிருந்தபோது மற்றப் படையில் பத்தாண்டு திறந்திருந்தது.

என் வாசிப்பில், முத்துக்குமாருவை மேலே கொண்டுவந்த ஏணி அவருக்குப் பின்னே படிப்படியாகக் கழற்றப்பட்டது. அவர் ஏறிய இராணுவம் சிறியது, ஆங்கிலம் பேசியது, கல்லூரியையும் குடும்பத்தையும் பார்த்து அதிகாரிகளைத் தேர்ந்தது. அந்தத் தேர்விலும் நீதி இருக்கவில்லை. வன்னியின் ஒரு கமக்காரரின் மகனுக்கும் அம்பாந்தோட்டையின் ஒரு கமக்காரரின் மகனுக்கும் அங்கே ஒருபோதும் இடம் கிடைத்திராது. 1956 இன் அரசியல் அம்பாந்தோட்டை மகனுக்கு வாசலைத் திறந்தது. அது நல்ல செயல். அதே நேரத்தில் வன்னி மகனுக்கு வாசலைச் சாத்தியது. 1962 சதிக்குப் பின், பழைய ஆங்கிலக் கல்விச் சமூகத்து அதிகாரிகளின்மீது அரசாங்கத்துக்கு நம்பிக்கை போயிற்று. ருகுணு, ரஜரட்டை என்ற இரு படையணிகள் கலைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கெமுனு படையணி உருவாக்கப்பட்டது. பின்னாளில் 1983 இல் கஜபா படையணியும் 1988 இல் விஜயபாகு படையணியும் வந்தன. சிங்கம், கெமுனு, கஜபாகு, விஜயபாகு எனப் படையணிகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களே ஒரு தமிழ் இளைஞனுக்கு அங்கே தன் இடம் எது என்று சொல்லிவிட்டன.

தமிழரின் பக்கத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. சிங்களம் மட்டும் கொள்கைக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி 1961 பெப்ரவரியில் தொடங்கிய சத்தியாக்கிரகம் வவுனியா, மன்னார்க் கச்சேரிகளுக்கும் பரவியது. ஏப்ரல் 17 ஆம் திகதி அவசரகாலநிலை கொண்டுவரப்பட்டு, கேணல் றிச்சர்ட் உடுகம தலைமையில் படையினர் அதைக் கலைத்தனர். உடுகம 1964 இல் இராணுவத் தளபதியானார். அமைதியாக அமர்ந்திருந்தவர்களை இராணுவம் அடித்து விரட்டியதைக் கண்ட ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளை அந்தச் சீருடைக்கு அனுப்ப விரும்பாததில் வியப்பில்லை. 1979 இல் பயங்கரவாதத் தடைச்சட்டமும் 1983 கலவரமும் வந்தபின் அந்தக் கேள்வியை எழுப்பவே ஆளில்லை.

வன்னியின் வரலாற்றில் இராணுவ அதிகாரிகளின் பெயர்கள் இதற்குமுன் பதிவாகியுள்ளனவா?

உண்டு. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தபோது அங்கிருந்த காவற்படைக்குப் பொறுப்பாக இருந்தவர் கப்டன் வொன் டிறிபேர்க். அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடுவில் அதே அதிகாரி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் பொறித்த நடுகல் அங்கே நாட்டப்பட்டது. ஒரு கப்டனின் வெற்றியைச் சொல்ல நாட்டிய அந்தக் கல்லைத்தான் நம் மக்கள் தோற்ற மன்னனின் நினைவிடமாகக் கொண்டாடி வந்திருக்கிறார்கள்.

ஓர் இராணுவத் தளபதியைப் பற்றி எழுதுவது, வன்னியில் உறவுகளை இழந்தவர்களின் மனத்தைப் புண்படுத்தாதா?

புண்படுத்தக்கூடும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரத்தில் அமர்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுவரும் அம்மாமாரை நான் மறந்து எழுதவில்லை. அவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உயிரோடும் பதவியோடும் இருக்கிறார்கள். 1959 இல் ஓய்வுபெற்ற ஒருவரின் வாழ்க்கை அந்தப் பதிலுக்கு ஈடாகாது. தமிழர் ஒருவர் தளபதியாக இருந்தார் என்பதைக் காட்டி, இந்த நாட்டில் பாகுபாடே இருந்ததில்லை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முத்துக்குமாருவுக்குப் பின் வந்த தளபதிகளின் பெயர்ப் பட்டியலை வாசித்துக் காட்டினால் போதும். அதேபோல, இராணுவம் தொடங்கிய நாள் முதலே தமிழருக்கு எதிரியாகத்தான் இருந்தது என்று சொல்வோரும் 1949 முதல் 1959 வரையான பத்தாண்டை விழுங்கிவிடுகிறார்கள். நடந்ததை நடந்தவாறு அறிந்துகொள்ளும் உரிமை எல்லோரையும்விட நம் பிள்ளைகளுக்கு உண்டு.

மாணவர்கள் இவரைப் பற்றி மேலும் ஆராய விரும்பினால் எங்கே தொடங்கலாம்?

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய அரச வர்த்தமானிகள் உள்ளன. ஓர் அதிகாரியின் நியமனம், பதவியுயர்வு, ஓய்வு மூன்றும் அங்கே திகதியோடு கிடைக்கும். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் மலர்களையும் பார்க்கலாம். 1930 இல் தொடங்கிய வீரகேசரியும் 1932 இல் தொடங்கிய தினகரனும் அவருடைய சேவைக்காலம் முழுவதும் வெளிவந்தவை. 1955 பெப்ரவரி, 1957 டிசம்பர், 1958 மே ஆகிய மூன்று மாதங்களின் இதழ்களை முதலில் தேடுங்கள். கூடவே, உங்கள் ஊரில் எண்பது வயதைக் கடந்த அப்பு, ஆச்சிமாரிடம் 57 ஆம் ஆண்டு வெள்ளத்தில் எந்தக் குளம் உடைத்தது, யார் வந்து உதவினார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள். எந்த வர்த்தமானியிலும் அது இருக்காது.